வாசல் பக்கச் சில்லு

"இதுல ஓட்டை ஒண்டுமில்ல முஸ்தாக் காக்கா." பவிதரன் டியூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இன்னொரு தரம் அமுக்கிக் காட்டினான். ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஓட்டை இல்லாம காத்து எங்க தம்பி போகுது? மூண்டு நாளையில இது மூண்டாவது தரம்." முஸ்தாக்கின் குரல் ஏறியது. மணி மூன்றரை. ஐந்து மணிக்குள் கல்முனை ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும்.

தம்பிலுவில் ஊரின் டயர் கடை வாசலில் ட்ரெய்லர் ஒரு பக்கம் ஜக்கில் ஏறி நின்றது. சாய்ந்தமருதில் வெல்டிங் கடை வைத்திருக்கும் முஸ்தாக், கெப் வண்டியின் பின்னால் கொழுவி இழுத்துப்போகத் தன் கையாலேயே கட்டிய சின்ன அறை அது. உள்ளே கட்டில், ஜன்னல், கேஸ் அடுப்பு எல்லாம் உண்டு. அறுகம்பைக் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு வாடகைக்கு விடத்தான் செய்தார். ஆனால் அதில் முதலில் படுத்துறங்கியது அவருடைய மனைவி சுபைறா.

அவள் கடைக்கு முன்னால் வேப்பமர நிழலில் கதிரை போட்டு இருந்தாள். போன வருடம் தைத்த அபாயா இப்போது அவளுக்கு இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது.

பன்னிரண்டு நாளைக்கு முன்னர் முஸ்தாக்கை மட்டும் டொக்டர் தனியே உள்ளே கூப்பிட்டார். சுபைறா வெளியே மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தாள். ஈரலில் கட்டி, பரவிவிட்டது, இனி மாதக் கணக்குத்தான். டொக்டர் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

வெளியே வந்த முஸ்தாக், "குடல்ல புண்ணாம் புள்ள. வாட்டுல வெச்சு ஊசி போட்டா சுகமாகிடுமாம்" என்றார். "ஓம்" என்றாள் சுபைறா.

மகள் றிப்னாவிடம்கூட அவர் உண்மையைச் சொல்லவில்லை. வாட்டில் சேர்க்க முன்னர் சுபைறாவை ஒரு தரம் அறுகம்பைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று மட்டும் நினைத்தார். ஒரு ராத்தங்கல், மறுநாள் வீடு. அதுதான் திட்டம்.

முந்தாநாள் போகும்போதே இந்த இடத்தில் சில்லில் ஆணி ஏறியது. பவிதரன் ஒட்டு வைத்து முடிக்க இரண்டு மணி நேரமானது. அந்த இரண்டு மணி நேரமும் முஸ்தாக் மனைவிக்குப் பக்கத்தில் இருந்து, அவித்த சோளன் தின்றபடி கதைத்துக்கொண்டிருந்தார். கல்யாணம் முடித்து இருபத்தாறு வருடம். வேலையை மறந்து அவர் அப்படி இருந்த நாள் அவளுக்கு நினைவில்லை.

"அந்த ஆணி நல்லா இரிக்கட்டும்" என்று சிரித்தாள்.

மறுநாள் அறுகம்பையில் புறப்படப் போனால் அதே சில்லு காற்றில்லாமல் தரையோடு கிடந்தது. காற்றடிக்க ஆள் தேடி அலைந்ததில் அன்றைய பயணம் நின்றுபோனது. இன்று கோமாரியில் தேநீர் குடிக்க இறங்கினார்கள். திரும்பி வந்து பார்த்தால் மறுபடியும் அதே கதை. நேற்று வாங்கி வைத்த கைப்பம்பால் அடித்து, உருட்டிக்கொண்டு வருவதுபோல் மெதுவாக இங்கே வந்து சேர்ந்தார்கள்.

பவிதரன் டியூபைத் துடைத்தபடி யோசித்தான். "மூணு தரமும் இந்த வாசல் பக்கச் சில்லுதான். மத்தது கல்லு மாதிரி இரிக்கி. நான் போட்டு விட்ட வால்வு மூடியையும் காணல்ல."

"எனக்குச் சில்லு வித்தவன் பழுதான சாமானத் தலையில கட்டியிட்டான்" என்றார் முஸ்தாக். "புது டியூபே போடு தம்பி. இண்டைக்குப் பிந்தினா வாட்டுல எடுக்க மாட்டாங்க."

புது டியூப் ஏறியது. பவிதரன் சில்லைப் பூட்டி, ஜக்கை இறக்கிவிட்டு, வந்து நின்ற ஓட்டோ ஒன்றைக் கவனிக்கப் போனான். முஸ்தாக் அவசரமாகக் கைகால் முகம் கழுவி ஒழு எடுத்து, ட்ரெய்லருக்குப் பக்கத்தில் துவாயை விரித்து அசர் தொழுதார்.

தொழுகையை முடிக்க வலப் பக்கம் ஸலாம் கொடுத்தார். இடப் பக்கம் திரும்பியவருக்கு வாய் அப்படியே நின்றது.

சுபைறா சில்லடியில் குந்தியிருந்தாள். அவளுடைய விரல் வால்வை அமுக்கிக்கொண்டிருந்தது. காற்று சீறியது.

"என்ன புள்ள செய்றாய்?"

அவள் கையை எடுக்கவில்லை. "அஞ்சு மணி தாண்டினா நாளைக்குத்தானே எடுப்பாங்க. இன்னொரு நாள் உங்களோட இரிக்கலாமெண்டு."

"அப்ப, மத்த ரெண்டு தரமும்?"

"முதல் தரம் ஆணி. மறுகா ரெண்டு தரமும் நான்தான்."

அவள் எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. முஸ்தாக் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கி, ட்ரெய்லர் படியில் இருத்தினார். பிடித்த இடத்தில் எலும்புதான் இருந்தது. ஆனாலும் பன்னிரண்டு நாளாகக் காத்துவந்த பொய்யை அவர் விடவில்லை.

"குடல் புண்ணுக்கா இப்பிடிப் பயப்பிடுறாய்? பத்து நாளையில ஊட்ட வந்திருவாய். பெருநாள் முடியத் திரும்பவும் ரெண்டு பேருமாப் போவம், இன்ஷா அல்லாஹ். உனக்கு ஒண்டுமில்ல புள்ள, டொக்டரே சொன்னவர்…"

முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார்.

சுபைறா அவருடைய முகத்தைத் தன் பக்கம் திருப்பி, முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"ஈரல்ல கட்டியெண்டத உங்களுக்கு எப்பிடிச் சொல்ற எண்டு டொக்டர் என்னட்டத்தான் முதல்ல கேட்டவர்."