கடற்கன்னி பார்க்கப் போன மாமன்

"கல்யாணத்துக்கு மூண்டு கிழமைதான் கிடக்கு. இந்த மனுசன் கோபன்ஹேகனுக்கு டூர் போயிட்டுது!"

பாரிஸில் ரூ காய் தெருப் பலசரக்குக் கடையில் கோசலை போட்ட சத்தத்தில், வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மனுசன் என்றது அவளுடைய அண்ணன் அரியரத்தினத்தை. புறநகர் செவ்ரானில் தனிக்கட்டை. தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் அவர் அவிழ்த்துவிடாத புளுகு இல்லை.

கோசலையின் புருஷன் செத்ததில் மகள் மிருணாளினியின் கல்யாணம் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப் போயிருந்தது. "ஒரு சாவுக்குப் பொறுத்தாச்சு. இன்னொருக்காத் தள்ளினால் பெடியனுக்கு வேறை இடம் பாப்பம்" என்று மாப்பிள்ளையின் தாய் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டாள்.

தகப்பன் இடத்தில் நின்று பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுக்க வேண்டியவர் அரியரத்தினம். அவர்தான் டூர் போனார்.

அவர்கள் இருவருக்கும் இளையவன், தம்பி உதயனுக்குக் கோபன்ஹேகனிலேயே ஒரு ஹோட்டலில் வேலை. கல்யாணத்தன்று போட்டுக்கொள்ளட்டும் என்று பச்சைக்கரைப் பட்டுச் சால்வை ஒன்று வாங்கி, கோசலை அவனுக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள்.

கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்க அரியரத்தினம் திரும்பினார். தங்கச்சி வீட்டுப் பக்கம் போகவில்லை. கடை வாசலில் நின்றபடியே தொடங்கிவிட்டார்.

"ஹோட்டல் எண்டால் அது ஹோட்டல், தில்லை! யன்னலைத் திறந்தால் கப்பல் மூக்கை உள்ளை நீட்டும். விடியச் சாப்பாட்டுக்கு மீனிலை மட்டும் பதினேழு வகை."

கடைக்காரர் தில்லையம்பலம் கேட்டார். "கடற்கன்னி சிலை பாத்தனீங்களோ, அரியண்ணை?"

"பாக்காமல்? கல்லுக்கு மேலை குந்திக்கொண்டு, எங்கடை கோசலை மாதிரி முகத்தைத் தூக்கி வச்சிருக்கிறாள். பிறகு படியே இல்லாத ஒரு கோபுரம், குதிரையிலையே உச்சிக்குப் போகலாம். திவோலிப் பூங்காவிலை ராட்டினம் தலைகீழாச் சுத்தேக்கை என்ரை பல்செட் கழண்டு விழ, கீழை நிண்ட வெள்ளைக்காரி தொப்பியிலை ஏந்தித் தந்தாள்!"

"படம் எடுக்கேல்லையோ?"

"போன் கடலிலை விழுந்திட்டுது. கடற்கன்னி வச்சிருக்கிறாள்."

கடை முழுக்கச் சிரித்தது. பலகாரப் பெட்டியோடு வந்து நின்ற கோசலை சிரிக்கவில்லை.

"உதயன் எப்ப வாறான்? எத்தினை தரம் அடிச்சாலும் போன் எடுக்கிறான் இல்லை."

அரியரத்தினம் தொண்டையைச் செருமினார். "அங்கை இப்ப சீசன். லீவு குடுக்கிறாங்கள் இல்லையாம்."

"நல்ல சகோதரங்கள்! ஒருத்தருக்கு டூர், மற்றவருக்குச் சீசன். நீங்களாவது நேரத்துக்கு மணவறைக்கு வாங்கோ."

"தாரைவார்க்கத் தில்லையைப் பிடி, பிள்ளை. சோடியா நிக்கவேணும். நான் தனிக்கட்டை."

"இவ்வளவு நாளும் தனிக்கட்டை எண்டு தெரியேல்லையோ?"

அவள் நீட்டிய பலகாரத்தையும் அவர் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "டென்மார்க் மீன் இன்னும் வயித்துக்கை நீந்துது."

அவர் போன பிறகு தில்லையம்பலம் தலையை ஆட்டினார். "கல்நெஞ்சன்!"

கல்யாணம் லா கூர்நெவ் மண்டபம் ஒன்றில். வெளியே தூறல். பார்க்கிங்கின் கடைசி மூலையில் அரியரத்தினத்தின் பழைய கார் நின்றது. உள்ளே அவர்.

"உள்ளை வர மனமில்லாதவர் ஏன் வந்தவராம்?"

"சாப்பாட்டுப் பாசலுக்கா இருக்கும்."

கல்யாணத்துக்கு வந்தவர்கள் அவர் காது கேட்கவே சொல்லிவிட்டுப் போனார்கள். கெட்டிமேளம் கேட்டபோது மட்டும் அவர் இறங்கி, மண்டபத்தைப் பார்த்தபடி மழையில் நின்றார். பிறகு திரும்ப ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பொம்பிளையும் மாப்பிள்ளையும் புறப்பட்டுப் போன பிறகு, கோசலை விறுவிறு என்று நடந்து வந்து கார்க் கண்ணாடியில் தட்டினாள்.

"திருப்திதானே? தாய்மாமன் ரெண்டு பேர் இருந்தும், என்ரை பிள்ளையை ஊரார் தாரைவார்த்துக் குடுத்தினம்."

அரியரத்தினம் இறங்கினார். "தாலி ஏறிட்டுதோ?"

"ஓம்."

"பிள்ளை மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிட்டாளோ?"

"போயிட்டாள். உங்களுக்கென்ன அக்கறை? போய் அந்தக் கடற்கன்னிக்குத் தாரைவாருங்கோ!"

"நான் கடற்கன்னி பாக்கேல்லை, கோசலை. கோபுரமும் பாக்கேல்லை. எல்லாம் உதயன் ஞாயிற்றுக்கிழமையிலை போனிலை சொல்லுற கதையள். 'வா அண்ணை, காட்டுறன்' எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவன். நான் பாத்தது பிரேத அறையும் சுடலையும்தான்."

கோசலைக்கு விளங்கவில்லை. விளங்கத் தொடங்கியபோது காரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹோட்டலிலை உடுப்பு மாத்திற அறையிலை, கதிரையிலை இருந்தபடியே போயிட்டான். கொள்ளி நான்தான் வச்சன். சொல்லியிருந்தால் சாவுத் துடக்கு உங்கள் எல்லாருக்கும், கல்யாணமும் நிண்டிருக்கும். சொல்லாட்டி எனக்கு மட்டும்."

அவர் பின்கதவைத் திறந்தார்.

ஆசனத்தில், பெல்ட் போட்டு இருத்தியபடி, மூடியிட்ட ஒரு சின்னக் கலயம். அதைச் சுற்றிப் பச்சைக்கரைப் பட்டுச் சால்வை.

"அவன் நேரத்துக்கு வந்திட்டான், பிள்ளை. நான்தான் உள்ளை விடேல்லை."