ஒரு கோடு குறைவு

காணி அதிகாரிக்குக் கிணற்றைக் காட்டினார் ஜவாஹிர். பழைய வீட்டின் அத்திவாரத்தைக் காட்டினார். எல்லையில் நின்ற பனையையும் விடவில்லை.

அதிகாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கிணறு யாருடையதாகவும் இருக்கலாம் என்றார். தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டுத் துரத்தும்வரை நீங்கள் இங்கேதான் குடியிருந்தீர்கள் என்று அயலவர் ஒருவராவது சொல்லவேண்டும், இல்லாவிட்டால் காணி உங்களுக்கு இல்லை என்றார்.

பழைய அயலவர் என்று மிஞ்சியிருந்தது ஏரம்பு ஒருவர்தான். அவரைக் கூப்பிட ஆள் போனது.

பொழுது போகவேண்டுமே. ஜவாஹிரின் மகள் றிஃப்னாவிடம் என்ன வேலை என்று விசாரித்தார் அதிகாரி. அவள் வெளிநாட்டில் விண்வெளி ஆராய்ச்சி செய்பவள். நட்சத்திரங்களுக்கு நடுவே கிடக்கும் வாயு முகில்களில், உயிருக்கு அடிப்படையான பெரிய மூலக்கூறுகளைத் தேடுபவள்.

"அவ்வளவு தூரம் போய்ப் பாக்காமல் எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய வானொலி அலைகளை அனுப்பும், அவை எங்கள் கருவியில் கோடுகளாக விழும் என்றாள். ஆயிரம் மூலக்கூறுகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும், சந்தை இரைச்சலில் ஒரு குரலைப் பிரிக்கிற மாதிரி அவற்றைப் பிரித்தெடுக்கவேண்டும். இருக்கவேண்டிய கோடுகள் எல்லாம் இருந்தால்தான் நம்புவோம். ஒன்று குறைந்தாலும் இல்லை என்றுதான் முடிவு. போன மாதம் ஒருவருடைய பல வருட உழைப்பை அப்படித்தான் அவள் தள்ளிவிட்டாள். அதைச் சொல்லும்போது குரலில் பெருமையும் இருந்தது.

"அப்ப இந்த ஐயாவும் நீ படிச்ச பள்ளியிலதான் படிச்சிருக்கிறார், மகள்," என்றார் ஜவாஹிர்.

அவளுக்கு முகம் சுட்டது.

ஏரம்பு வந்தார். அவருடைய மாட்டுக்கொட்டிலில் பாதி இந்தக் காணிக்குள்தான் நின்றது. ஜவாஹிரின் முகத்தைப் பாராமல், இந்த ஆட்களைத் தனக்குத் தெரியாது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இத்தனை லேசான வேலை என்று றிஃப்னா அன்றுதான் கண்டாள்.

அதிகாரியின் ஜீப் போய்விட்டது. காணியும் அதோடு போய்விட்டது.

ஏரம்பு மட்டும் போகவில்லை. றிஃப்னாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்டைக்கு ஊரைவிட்டுப் போகேக்க காய்ச்சலோட தூக்கிக்கொண்டு போன பிள்ளை இவதானே, ஜவாஹிர்?"

அந்த மனிதரைச் சட்டையில் பிடித்து ஜீப்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடவேண்டும் போல இருந்தது அவளுக்கு.

"ஓம்," என்றார் ஜவாஹிர். "புத்தளம் போய்ச் சேந்தாப் பிறகுதான் காய்ச்சல் விட்டது."