மூலைக் கொம்பியூட்டர்

"இதெல்லாம் ஒரு மெசினா தம்பி? ஒரு காயை அடிக்க அஞ்சு நிமிசம் யோசிக்குது!"

இரகுநாதன் போட்ட சத்தத்தில் இன்டர்நெட் கடையே திரும்பிப் பார்த்தது. கடை முதலாளி அலவி மட்டும் அசையவில்லை. யாருக்கோ கடிதமொன்றை பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, வழக்கம்போலத் தன் மேசைக் கொம்பியூட்டருக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான்.

"பழைய மெசின் சேர்" என்றான்.

உடனே திரையில் காய் ஒன்று சறுக்கிப் போய்க் குழியில் விழுந்தது.

"ம், இப்பதான் ஞானம் வந்திருக்கு. முதலாளியும் ஒருக்கா நிமிர்ந்து முகம் பார்க்கிறேல்லை, மெசினும் ஆமை. நல்ல கடை!"

இரகுநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருஷம் பதுளை அரசாங்கக் கச்சேரியில் கிளார்க். பென்ஷன் எடுத்தும் ஊருக்குப் போகவில்லை. போய் யாரிடம் பேச? மனைவி லீலாதேவி போன வருஷம் கண்ணை மூடிவிட்டாள். ஒரே மகள் துவாரகா கனடாவில்.

தினமும் ஐந்து மணிக்கு வந்து மகளுக்கு நாலு வரி ஈமெயில் போடுவார். அங்கே விடிகிற நேரம், வேலைக்குப் போகுமுன் பதில் போடமாட்டாளா என்று ஆறு மணிவரை காத்திருப்பார். வாரத்தில் ஒன்று வந்தால் பெரிய விஷயம்.

காத்திருக்கிற நேரத்துக்குத்தான் மூலைக் கொம்பியூட்டரில் அந்தக் கரம் போர்ட் விளையாட்டு. சாம்பல் நிறச் சதுரம், பொட்டுப் பொட்டாய்க் காய்கள். அவ்வளவுதான் படம். அந்த ஒரு மணி நேரமும் இல்லாவிட்டால் மனுஷனுக்குப் பைத்தியமே பிடித்திருக்கும்.

அடுத்த வாரம் அலவி புதுக் கொம்பியூட்டர் ஒன்றைக் காட்டினான். "சேர் ஏசினதுக்காகவே இறக்கினது. இதிலயும் கரம் இருக்கு."

அடேயப்பா! பலகை தேக்கு மாதிரி மினுங்கியது. காய்க்கு நிழல்கூட விழுந்தது.

முதல் நாள் வாயைப் பிளந்தார். இரண்டாம் நாள் கொட்டாவி விட்டார். அது பிழையே விடாது. கண் இமைப்பதற்குள் எல்லாக் காயையும் வாரிக்கொண்டு போய்விடும். மூன்றாம் நாள் பாதியில் எழும்பி வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் அலவியின் மேசையில் அவன் மனைவி இனாயா இருந்தாள்.

"அவரு பார்சல் எடுக்க பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்காரு சேர்."

"பரவாயில்லை. எனக்கு அந்த மூலை மெசினையே தாரும் பிள்ளை."

"ஏன், புதுசு நல்லா இல்லையா?"

"படம் திறம்தான். விளையாட்டில ருசி இல்லை. பழசு மந்தம் எண்டாலும் அதுக்கொரு மனுசத்தன்மை இருக்கு. வெல்லுற நேரத்தில லேசான காயைக் கோட்டை விடும். ஒருநாள் மகளின்ர பதில் வராமல் கண் கலங்கி இருந்தன். சிவப்புக் காயை எனக்கெண்டே குழி வாசலில கொண்டுவந்து விட்டுது, பாருமன்!"

மூலையில் போய் உட்கார்ந்து முதல் அடி அடித்தார். பதிலுக்கு ஒன்றும் அசையவில்லை. பத்து நிமிஷமாகியும் அசையவில்லை.

"பிள்ளை, இது பழுதாப் போச்சு!"

இனாயா சிரித்துவிட்டாள். "பழுதில்ல சேர். அந்தக் கேமுக்குத் தானா விளையாடத் தெரியாது, ரெண்டு பேர் வேணும். அவரு இந்த மேசையில இருந்துதானே உங்களோட விளையாடுவாரு! ஆறு மாசமா டீக்குக் கூப்பிட்டாலும் 'சேர் போகட்டும்'னுதான் சொல்லுவாரு. நீங்க புதுசுக்குப் போனதுல இருந்து மனுசன் சும்மாவே உக்காந்திருந்தாரு. ஃபோன் பண்ணிக் கூப்பிடவா?"

இரகுநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிய வெகுநேரம் ஆனது.

"வேண்டாம் பிள்ளை. அவசரமில்லை, ஆறுதலா வரட்டும். இப்ப அவரின்ர முறைதானே... நான் இருக்கிறன்."