அகராதி சொன்ன பொருள்

பெற்ற மகளுக்குத் தெரிந்தே தப்பாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிற அப்பாவை என்னவென்று சொல்வது?

அகராதி அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

அகராதி என்பது கோர்ட்டில் அவருக்கு விழுந்த பெயர். பாதி மரியாதை, பாதி கேலி. சாட்சி தமிழில் சொல்வதை நீதிபதிக்கு ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்வது அவர் வேலை. ஒரு சொல் பிசகினால் ஒருவன் உள்ளே போய்விடுவான் என்று பயந்து பயந்து பேசியே தலை நரைத்தவர்.

இப்போது இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சக்கர நாற்காலி, ஜன்னல், மகள். உலகம் அவ்வளவுதான்.

மகள் நர்ஸ். கடல் தாண்டி ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை காத்திருந்தது. ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேறினால் போதும், கிளம்பிவிடலாம். அப்பா மூத்த மகள் வீட்டில் இருந்துகொள்வார் என்று பேச்சு.

பெரியவளும் நல்லவள்தான். ஆனால் அந்த வீட்டில் தான் மூலையில் சாத்தி வைத்த குடையாகிவிடுவோம் என்று அவருக்குத் தோன்றியது. யாரும் திட்டமாட்டார்கள். மழை வந்தால்தான் ஞாபகம் வரும்.

போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. "நான் சொல்லித் தரேன், உட்காரு" என்று சொல்ல வந்தது.

டேக் என்ற ஒரு சொல்லைத்தான் முதலில் எடுத்தார். தேர்வில் அதைக் குடைந்து குடைந்து கேட்பார்கள். சின்னச் சொல், ஆனால் ஊரில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் மருமகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வேலை. நாம் மாத்திரை சாப்பிடுகிறோம், லீவு போடுகிறோம், காய்ச்சல் பார்க்கிறோம், போய்ச் சேர நேரம் ஆகிறது. ஆங்கிலத்தில் அத்தனைக்கும் அவள் ஒருத்தியே வந்து நிற்பாள்.

அது அவருக்குத் தெரியாதா?

"நாம பேசறதை அப்படியே மாத்திக்கோம்மா" என்றார். மாத்திரைக்கு ஈட். லீவுக்குப் புட். காய்ச்சலுக்கு ஸீ. கோர்ட்டில் வாழ்நாளெல்லாம் எதைச் செய்யக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாரோ, அதையே நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். ரத்தம் எடுப்பது ஒன்றுதான் இரண்டு மொழியிலும் ஒத்துப்போய் அவரிடமிருந்து தப்பித்தது.

மகள் தலையாட்டினாள். திருப்பிச் சொல்லச் சொன்னால் பிசகாமல் சொன்னாள்.

முதல் தேர்வில் தோற்றாள். இரண்டாவதிலும் தோற்றாள். அந்த இரண்டு ராத்திரியும் அகராதி நன்றாகத் தூங்கினார். தூங்கினோமே என்று விடிந்ததும் அழுதார். இன்னும் ஒரு வாய்ப்புத்தான். அதற்குமேல் அந்த ஆஸ்பத்திரி காத்திருக்காது.

ஒரு மத்தியானம், மகள் டியூட்டியில் இருக்கும்போது, அவள் படிக்கும் ஆங்கிலப் பயிற்சி மையத்து டீச்சர் வீடு தேடி வந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வந்த வேகத்தைப் பார்த்ததுமே அகராதிக்குப் புரிந்துவிட்டது. அகப்பட்டுக்கொண்டோம். வயசாகிவிட்டது, மறந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என மனசுக்குள் தயார் செய்துகொண்டார்.

டீச்சர் உட்காரக்கூட இல்லை.

"சார், உங்க பொண்ணு என்னை முட்டாளாக்கறா."

அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"வகுப்புல அவளுக்கு டேக்குன்னா தண்ணிபட்ட பாடு. எனக்குத் தொண்டை கட்டின அன்னிக்கு அவதான் பாடம் நடத்தினா. அவகிட்ட கத்துக்கிட்டதுங்க எல்லாம் ஃப்ளைட் ஏறியாச்சு. இவ மட்டும் பரீட்சை ரூமுக்குப் போனா மாத்திரைக்கு ஈட்டுங்கறா, லீவுக்குப் புட்டுங்கறா. வெளியே வந்ததும் நான் கேட்டப்ப அவளே சொன்னா. இந்தத் தப்பையெல்லாம் எங்க பொறுக்கினாளோ தெரியலை."

நாற்காலியின் கைப்பிடியை அகராதி இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வகுப்புல... எப்பலேர்ந்து சரியா சொல்றா?"

"முதல் நாள்லேர்ந்தே சார்."

போகப் பயப்படுகிறாள் போலிருக்கிறது, நீங்களாவது தைரியம் சொல்லுங்கள் என்று ஏதேதோ சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டாள்.

சாயங்காலம் மகள் வந்தாள். கை கழுவினாள். வழக்கம்போல அவர் பாதங்களைத் திருப்பிப் புண் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்தாள். மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"இதுக்கு என்னம்மா சொல்லணும்?"

"ஈட்."

"இல்லம்மா. டேக்."

தம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அவள் நிமிரவில்லை.

"நேத்துவரைக்கும் ஈட்டுன்னுதானேப்பா சொல்லிக் குடுத்தீங்க?"

"வயசாச்சில்ல... மறந்து தப்பா சொல்லிட்டேன்."

மகள் குனிந்து, உணர்ச்சியில்லாத அந்தக் கால்களின் மேல் போர்வையை இழுத்துவிட்டாள். ஓரங்களைச் செருகினாள். பிறகுதான் பேசினாள்.

"மறந்ததாவே இருக்கட்டும்ப்பா."