கல் கேட்ட நாரை

ஆற்று வளைவில் நீர்நாய் வாத்தியார் ஒருவர் இளம் நீர்நாய்களுக்கு மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்து வந்தார். ஒருநாள் மேலிடத்திலிருந்து ஒரு நாரை மேற்பார்வைக்கு வந்தது.

"இவர்கள் நிஜமாகவே முங்குகிறார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? இனி முங்கும்போதெல்லாம் அடியிலிருந்து ஒரு கல் கொண்டுவந்து காட்ட வேண்டும்" என்றது.

அன்று முதல் பிள்ளைகள் வாயில் கல்லோடு கரையேறினார்கள். கல் இருந்த வாயில் மீனுக்கு இடமில்லை. வாத்தியாரோ கரையில் உட்கார்ந்து கற்களை நிறம் பார்த்து அடுக்கினார். பிள்ளைகள் பசியில் துவண்டார்கள்.

ஒரு மதியம், கல் தேடி ஆழத்துக்குப் போன மாணவி ஒருத்தி பாசிக்கொடியில் சிக்கிக்கொண்டாள். அடுக்கிக்கொண்டிருந்த வாத்தியாருக்கு அது தெரியவே இல்லை. கூடப் படித்த இருவர்தான் கொடியைக் கடித்து அறுத்து அவளை இழுத்து வந்தார்கள்.

நாரை குனிந்து பார்த்தது. "மூன்று பேர் முங்கியிருக்கிறீர்கள். கல் எங்கே?"

வாத்தியார் துள்ளி எழுந்தார். "உயிரைக் கொண்டுவந்திருக்கிறார்கள் ஐயா! உமக்குக் கல் கேட்கிறதா?" என்று கத்தியபடி, கற்குவியலை ஆற்றில் தள்ளிவிட்டார்.

"அப்படியானால் இவர்களை யார் கண்காணிப்பது?"

வாத்தியார் பிள்ளைகளோடு தண்ணீரில் இறங்கினார்.

மறுநாள் ஒருவன் தனியாக ஆழத்துக்குக் கிளம்பினான். வாத்தியார் வாய் திறக்குமுன், முந்தின நாள் பிழைத்தவள் அவன் வாலைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருடா, நானும் வரேன்."

அவன் நின்றான்.