காற்றுத் தலையணை

விமானம் ஏற ஏற, பாலகுமாரின் மடியில் கிடந்த காற்றுத் தலையணை உப்பிக்கொண்டே வந்தது.

போர்ட் பிளேரில் தொளதொளவென்று இருந்தது. இப்போது விறைத்து நிற்கிறது.

கப்பலில் போயிருந்தால் மூன்று நாள் ஆகியிருக்கும், ஆனால் இந்தத் தொல்லை இல்லை. கப்பல் ரத்தாகிவிட்டது. நாளை மறுநாள் மதுரையில் அவன் மனைவி கார்த்திகாவின் முதல் வருஷத் திதி.

பக்கத்து இருக்கையில் அவளுடைய அண்ணன் ஈஸ்வரன். போர்ட் பிளேரில் மின்னி பே பகுதியில் காண்ட்ராக்டர். தெரியாத விஷயம் என்று அவருக்கு ஒன்றும் கிடையாது.

"அரே மாப்ள, மேல வந்தா உள்ள காத்து ஜாஸ்தியாயிடும். யூடியூப்ல பாத்தேன். ஸ்பேஸுக்குக் கொண்டுபோனா இது பட்டாசுதான்!"

பாலகுமார் இயற்பியல் படித்தவன்.

உள்ளே காற்று ஓர் அணுகூடக் கூடவில்லை. வெளியே அழுத்துவது குறைந்துவிட்டது, அவ்வளவுதான். அறையில் திறந்துவிட்டால் அறை முழுக்கப் பரவும். விண்வெளியில் முட்டி நிற்கச் சுவர் இல்லை. ஒவ்வொரு மூலக்கூறும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒன்றை ஒன்று மறுபடி பார்க்காது.

இதையெல்லாம் இந்த ஆளிடம் போய்ச் சொல்வதா? தங்கையின் சவ வண்டியை வழியில் நிறுத்தி டீ குடித்த ஆள். சர்க்கரை போதவில்லை என்று கடைக்காரனிடம் சண்டை வேறு.

பாலகுமார் தலையணையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான். தாங்கும். மூன்றில் ஒரு பங்குதான் விரியும் என்று நேற்றே கணக்குப் போட்டிருந்தான். மூடியைச் சுற்றி டேப்பும் ஒட்டியிருந்தான். இன்னும் ஒன்றரை மணி நேரம். சென்னையில் இறங்கினால் தானாகத் தளர்ந்துவிடும். அதுவரை உள்ளே இருப்பது உள்ளேயே இருந்தால் போதும்.

பணிப்பெண் தண்ணீர் நீட்டினாள். வாங்கத் திரும்பினான்.

புஸ்ஸென்று சத்தம் கேட்டது.

ஈஸ்வரன் டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்திருந்தார்.

"வெடிச்சிருக்கும் மாப்ள! டென்ஷன் ஆகாதீங்க, இறங்கினதும் நானே ஊதித் தரேன்."

இந்த வாயால்.

நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார். அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

போன வருடம் ஆஸ்பத்திரியில், ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கப்போகும் அவனுக்காக, கட்டிலில் சாய்ந்தபடி கார்த்திகா ஊதிக் கொடுத்தது அது. நாலு மூச்சுக்கு ஒருதரம் நிறுத்தி, நிறுத்தி.

பாலகுமார் தலையணையைப் பிடுங்கித் திறப்பில் வாயை வைத்தான்.

"அட, இப்பவே ஊதணுமா?" என்று சிரித்தார் ஈஸ்வரன்.

அவன் ஊதவில்லை. மீந்திருந்ததை உள்ளே இழுத்தான். பிறகு, முடிந்தமட்டும், வெளியே விடாமல் இருந்தான்.