சுவரைத் தடவி வரவும்

மே 14. குகைச் சுவரைச் சரியாகப் பார்க்காமல் பெட்டியை ஒளித்துவிட்டேன். ஒருவர் ஒளித்த பெட்டியைச் செயலியில் உள்ள குறிப்பை வைத்து மற்றவர்கள் தேடும் ஜியோகேஷிங் விளையாட்டில், நாங்கள் முதலில் ஒளித்த பெட்டியை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. "இந்த முறையாவது விளங்கிற மாதிரிக் குறிப்பு எழுதும், புலவர்" என்று போன வாரம் சிட்னிக்கு வடக்கே அந்தக் குகைக்குப் போகும் காட்டுப்பாதை முழுவதும் நண்பன் சயந்தன் கேலி செய்தான். அதனால் பாறை இடுக்கில் பெட்டியை வைத்துவிட்டு, செயலியில் தெளிவாகவே எழுதினேன்: "உள்ளே இருட்டு. சுவரைக் கையால் தடவிக்கொண்டே வரவும்."

இன்று மாலை ஒளிப்பட வகுப்பில் அன்று எடுத்த அந்தச் சுவரின் படத்தைத் திறந்து நிறத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். பாறையில் கைகள் தோன்றின. பழங்குடி மக்கள் பல காலத்துக்கு முன் கையை வைத்துச் சுற்றிலும் காவி ஊதிப் பதித்தவை; கை பட்டால் அழியக்கூடியவை. இடுக்கின் ஓரத்தில் இருந்தது மிகச் சிறியது.

"சின்னப்பிள்ளையின்ர கை, மச்சான்" என்றான் பக்கத்தில் இருந்த சயந்தன்.

குறிப்பை அழிக்கச் செயலியைத் திறந்தேன். ஒரு செய்தி வந்திருந்தது: "நான்கு பேரும் சேர்ந்து கண்டுபிடித்துவிட்டோம். குறிப்பு மிகவும் உதவியது."

பதிவை நீக்கிவிட்டேன். நாளை விடிந்ததும் போய்ப் பெட்டியை எடுக்க வேண்டும், சுவரைத் தொடாமல்.